அந்நிய முதலும் நாட்டுப் பாதுகாப்பும்: தொழிலாளி எங்கே நிற்கிறான்?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நம் அமைப்பாளர் ஆற்றிய உரை. தோழர்கள் பலரும் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

 

இன்றைய கூட்டத்தின் பொருள் என்னவென்று அறிவித்தபோதே சிலர் முகம் சுளித்தார்கள். "அந்நிய முதலீடு, தேசப் பாதுகாப்பு என்பதெல்லாம் டில்லியில் இருப்பவர்கள் பேசவேண்டிய விஷயம். தண்ணீர்க் குழாய், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் படிப்பு, குடிசைக்குப் பட்டா, இவற்றைப் பேசினால் போதாதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறோம்.

2025ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி, மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவு ஓர் உத்தரவு போட்டது. செலெபி என்ற துருக்கி நாட்டு நிறுவனத்தின் இந்தியக் கிளைக்குக் கொடுத்திருந்த பாதுகாப்பு அனுமதியை, தேசப் பாதுகாப்பை முன்னிட்டு உடனடியாக ரத்து செய்வதாக அதில் கண்டிருந்தது. அந்த நிறுவனம் செய்துவந்தது என்ன? விமானத்தில் மூட்டை ஏற்றுவது, இறக்குவது, சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்வது, பயணிகளை அனுப்பிவைப்பது. மும்பை, டில்லி, சென்னை உட்பட 9 விமான நிலையங்களில் அதற்கு வேலை இருந்தது.

மறுநாள் காலை நம் சங்க அறை வாசலில் நாலைந்து தாய்மார்கள் வந்து நின்றார்கள். விமான நிலையத்தில் லோடர் வேலை பார்க்கும் பிள்ளைகளின் தாய்மார்கள். யாருடைய பிள்ளை எந்தக் கம்பெனியில் இருக்கிறான் என்பதே அவர்களில் சிலருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. சட்டையில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் ஒரு பெயர், பாஸில் ஒரு பெயர். "டிவியில் என்னென்னமோ சொல்றாங்க. என் பையனுக்கு நாளைக்கு டூட்டி உண்டா அண்ணே?" என்று ஒரு தாய் கேட்டார்.

அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. அந்த வெட்கத்தில்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். டில்லிக்காரர்கள் பேசும் விஷயம் இரவோடு இரவாக நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம். தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

சோதனை எதற்கு?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டு முதலை அரசாங்கம் சோதித்துப் பார்ப்பதை நாம் எதிர்க்கவில்லை. எதிர்க்கவும் கூடாது. வியாபாரம் செய்ய இடம் வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்கு 1639ஆம் ஆண்டு கடற்கரையில் ஒரு துண்டு மணல் கிடைத்தது. அந்த மணலில்தான் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழும்பியது. சென்னைப் பட்டணத்தின் பிறப்பே இந்தப் பாடத்தில்தான் தொடங்குகிறது. காசோடு வருகிறவன் காசை மட்டுமே கொண்டுவருவான் என்று நம்புவது பேதைமை.

பார்சல் ஆபீஸில் எங்கள் வேலை என்ன? ஒரு மூட்டை வந்தால் மூன்று கேள்வி கேட்போம். அனுப்புகிறவர் யார்? எங்கே போகிறது, யார் எடுக்கப்போகிறார்? உள்ளே என்ன இருக்கிறது? இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் மூட்டை பிளாட்பாரத்துக்குப் போகாது. அந்நிய முதலைச் சோதிக்கும் அரசாங்கங்களும், அது அமெரிக்காவாக இருந்தாலும் இந்தியாவாக இருந்தாலும், இதே மூன்று கேள்விகளைத்தான் வேறு வார்த்தைகளில் கேட்கின்றன.

முதல் கேள்வி: பணம் உண்மையில் யாருடையது? காகிதத்தில் உள்ள கம்பெனி ஒரு தீவில் பதிவாகியிருக்கும். அந்தக் கம்பெனியின் சொந்தக்காரன் இன்னொரு நாட்டில் ஒரு கம்பெனி. அதற்கும் பின்னால் ஓர் அரசாங்கமே இருக்கக்கூடும்.

இரண்டாவது: எந்தத் தொழிலுக்கு வருகிறது? பிஸ்கெட் தொழிற்சாலை வேறு. துறைமுகம், தொலைபேசி, மின்சாரம், ஆயுதம், விமான நிலையம் வேறு.

மூன்றாவது: வந்தபின் கையில் என்ன பிடி கிடைக்கிறது? லாபத்தில் பங்கு மட்டுமா, நிர்வாகத்தில் நாற்காலியா, மக்களின் விவரங்கள் அடங்கிய பதிவேடுகளா, பூட்டிய கிடங்கின் சாவியா?

கேள்விகள் சரியானவை. அவற்றை யார் கேட்கிறார்கள், எப்போது கேட்கிறார்கள், பதிலை யாரிடம் சொல்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

அடுத்த வீட்டில் நடப்பது

"கதவைத் திற, முதலீடு வரட்டும்" என்று உலகத்துக்கெல்லாம் உபதேசம் செய்கிற அமெரிக்கா தன் கதவில் பூட்டுப் போட்டது இன்று நேற்றல்ல. 1975ஆம் ஆண்டிலேயே ஜனாதிபதி ஃபோர்டு இதற்கென ஒரு குழுவை அமைத்தார். எண்ணெய் விலை ஏறி, எண்ணெய் விற்கும் நாடுகளின் கையில் டாலர் குவிந்து, அந்த டாலர் அமெரிக்கக் கம்பெனிகளை வாங்கிவிடுமோ என்ற பயம் எழுந்த காலம் அது. நிதி அமைச்சர் அதற்குத் தலைவர். பாதுகாப்பு, வெளியுறவு, வர்த்தகம் எனப் பல துறைகள் அதில் உறுப்பினர். ஜப்பானின் ஃபுஜித்சு நிறுவனம் ஓர் அமெரிக்க மின்னணுக் கம்பெனியை வாங்க முயன்றதையொட்டி எழுந்த கூச்சலுக்குப் பிறகு, 1988இல் வந்த சட்டம், விற்பனையைத் தடுக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கே கொடுத்தது. 2018இல் இன்னொரு சட்டம் அதை மேலும் இறுக்கியது. இப்போது முதல் பரிசீலனைக்கு 45 நாள், விசாரணைக்கு இன்னொரு 45 நாள், பிறகு ஜனாதிபதிக்கு 15 நாள் என்று கெடு வைத்திருக்கிறார்கள்.

2006இல் நடந்ததைக் கேளுங்கள். துபாயின் டிபி வேர்ல்டு நிறுவனம் இங்கிலாந்தின் பி அண்ட் ஓ என்ற பழைய கப்பல் கம்பெனியை வாங்கியது. அந்தக் கம்பெனியின் கையில் நியூயார்க், பால்டிமோர், மயாமி உட்பட ஆறு அமெரிக்கத் துறைமுகங்களில் சரக்குத் தளங்கள் இருந்தன. குழு பரிசீலித்து, "ஆபத்தில்லை" என்று அனுமதியும் கொடுத்துவிட்டது. ஆனால் அமெரிக்க நாடாளுமன்றத்தில் புயல் கிளம்பியது. அரபு நாட்டின் கையில் துறைமுகமா என்றார்கள். கடைசியில் அந்த அமெரிக்கத் தளங்களை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கே விற்றுவிட்டு துபாய் கம்பெனி வெளியேறியது.

அதே கொள்முதலில் அதே துபாய் கம்பெனியின் கைக்கு நம் பக்கத்து நவசேவாத் துறைமுகத்தின் ஒரு தளமும் வந்தது. சென்னைத் துறைமுகத்தின் சரக்குப் பெட்டித் தளமும் வந்தது. இங்கே அப்படியொரு புயல் அடிக்கவில்லை. அங்கே ஆபத்து என்றார்கள், இங்கே வளர்ச்சி என்றார்கள். ஆக, எது ஆபத்து என்பது பணத்தை மட்டும் பொறுத்ததல்ல. அந்தந்த நாட்டின் அரசியல், அந்தந்த நேரத்தின் நட்பு பகை, எல்லாவற்றையும் பொறுத்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 2015இல் அங்குள்ள வடக்குப் பிரதேச அரசு டார்வின் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு சீன நிறுவனத்திடம் கொடுத்தது. விலை 506 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர். டார்வினில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் வந்து தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். ஆனாலும் மத்திய அரசின் முதலீட்டுச் சோதனை இந்தக் குத்தகைக்குப் பொருந்தவில்லை. காரணம், மாநில அரசுகள் தங்கள் சொத்தைத் தனியாருக்குக் கொடுத்தால் சோதனை தேவையில்லை என்று விதியில் ஓட்டை இருந்தது. 2016இல் ஓட்டையை அடைத்தார்கள். கொடுத்தது கொடுத்ததுதான். 2025 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளுமே துறைமுகத்தைத் திரும்பப் பெறுவோம் என்று வாக்குறுதி கொடுக்கவேண்டி வந்தது. மூட்டை வண்டியேறிய பிறகு சங்கிலியை இழுத்த கதை.

நம் நாட்டில் நடைமுறை என்ன?

நம் நாட்டுக்கு வருவோம். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கைப் பொதுவாக 40 சதவீதமாகக் குறைக்கவேண்டும் என்றது. அதற்கு உடன்படாமல்தான் கோக்க கோலாவும் ஐபிஎம்மும் 1977, 78 வாக்கில் நாட்டைவிட்டுப் போயின. 1991க்குப் பிறகு காற்று திசை மாறியது. வருக வருக என்று வாசலில் தோரணம் கட்டினோம்.

இப்போது இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று தானியங்கி வாசல். யாரிடமும் முன் அனுமதி வேண்டாம், பணத்தைக் கொண்டுவந்து ரிசர்வ் வங்கிக்குத் தகவல் சொன்னால் போதும். மற்றொன்று அரசு அனுமதி வாசல். அந்த வாசலில் மனுக்களைப் பரிசீலிக்க ஒரு வாரியம் இருந்தது. 2017இல் அதைக் கலைத்துவிட்டு, அந்தந்த அமைச்சகமே முடிவெடுக்கும் என்று மாற்றினார்கள். தொலைத்தொடர்பு, ஒலிபரப்பு, தனியார் காவல் நிறுவனம், விமானப் போக்குவரத்து, ஆயுதம் போன்ற துறைகளில் உள்துறை அமைச்சகத்தின் கருத்து கேட்கப்படும். உள்துறை தன் உளவு அமைப்புகளைக் கேட்கும். அவர்கள் சொல்வது கோப்புக்குள் இருக்கும். மனுதாரருக்கே பெரும்பாலும் தெரியாது.

எங்கள் ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் ரயில் கட்டமைப்பில் 100 சதவீதம் அந்நிய முதலுக்கு வழி திறந்தார்கள். ஆனால் பாதுகாப்பு நோக்கில் நுட்பமான இடங்களில் 49 சதவீதத்துக்கு மேல் போனால், ரயில்வே அமைச்சகம் அதைப் பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவின் முன் வைக்கவேண்டும் என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்கள். கதவையும் திறந்தார்கள், தாழ்ப்பாளையும் கையில் வைத்துக்கொண்டார்கள்.

2020 ஏப்ரல் மிக முக்கியமான மாதம். கொரோனாவில் ஊரே அடைந்து கிடந்தது. நம் ஜனங்கள் ஊருக்குப் போக ரயில் இல்லாமல் தவித்தார்கள். பங்குச் சந்தையில் நம் கம்பெனிகளின் விலை பாதாளத்துக்குப் போனது. அந்த நேரத்தில் சீனாவின் மத்திய வங்கி, நம் நாட்டின் பெரிய வீட்டுக் கடன் நிறுவனமாக அப்போது இருந்த எச்டிஎஃப்சியில் தன் பங்கை 1 சதவீதத்துக்குச் சற்று மேலாக உயர்த்தியிருக்கும் செய்தி வெளிவந்தது. ஒரு சதவீதத்தால் ஒரு கம்பெனியைப் பிடிக்க முடியாதுதான். ஆனாலும் மணி அடித்துவிட்டது. ஏப்ரல் 17ஆம் தேதி மத்திய அரசு பத்திரிகைக் குறிப்பு எண் 3 என்பதை வெளியிட்டது. அதுவரை பாகிஸ்தான், வங்கதேசம் இரண்டுக்கு மட்டும் இருந்த கட்டுப்பாடு, நம்மோடு நில எல்லை உள்ள எல்லா நாடுகளுக்கும் விரிந்தது. அந்த நாடுகளின் பணம் எந்தத் துறைக்கு வந்தாலும் அரசு அனுமதி வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்றது அந்தக் குறிப்பு. வேறொரு நாட்டுக் கம்பெனி வழியாக வந்தாலும், பலனை அனுபவிக்கும் உண்மையான சொந்தக்காரர் அந்த எல்லை நாடுகளில் இருந்தால் இதே விதிதான் என்றது.

பார்த்தீர்களா, முதல் கேள்விக்கே வந்துவிட்டார்கள்: அனுப்புகிறவர் உண்மையில் யார்? ஆனால் உண்மையான சொந்தக்காரர் என்றால் எத்தனை சதவீதம் வைத்திருப்பவர் என்று அந்தக் குறிப்பில் எழுதவில்லை. விதி கடுமையாக இருந்தும் அன்று அளவுகோல் தெளிவாக இருக்கவில்லை. அளவுகோல் தெளிவாக இல்லாத இடத்தில் அதிகாரியின் விருப்பம்தான் அளவுகோல் ஆகும். ரேஷன் கடை வரிசையில் நின்ற நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்கெனத் தனிச் சட்டம் உண்டு. இங்கிலாந்தின் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 17 துறைகளைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. அந்நியச் செலாவணி விதிகளில் கொஞ்சம், பத்திரிகைக் குறிப்புகளில் கொஞ்சம், துறைவாரி உரிமங்களில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து முழுதாக விவாதித்து எழுதியது அல்ல.

மூட்டை தூக்கியவன் கதை

இப்போது அந்தத் தாய் கேட்ட கேள்விக்குத் திரும்புகிறோம்.

விமான நிலையத்தில் தரைப்பணி செய்யும் தொழிலில் 100 சதவீதம் அந்நிய முதலுக்குத் தானியங்கி வாசல் திறந்திருக்கிறது. ஆனால் பாதுகாப்பு அனுமதி தனியாக வேண்டும். செலெபி 2008இல் இந்தியாவுக்கு வந்தது. வந்தபோது ஆபத்தாகத் தெரியவில்லை. 2022 நவம்பரில் அதன் அனுமதியைப் புதுப்பித்தபோதும் ஆபத்தாகத் தெரியவில்லை. 2025 மே மாதம் இந்தியா பாகிஸ்தான் மோதலில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றது. மோதல் ஓய்ந்த சில நாளில் அனுமதி ரத்தானது. நாங்கள் துருக்கி அரசின் கம்பெனி அல்ல, எங்கள் பங்கில் பெரும்பகுதி பல நாட்டு நிதி நிறுவனங்களிடம் இருக்கிறது, எங்களுக்கு நோட்டீஸ்கூடக் கொடுக்கவில்லை என்று அந்நிறுவனம் டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அரசு தன் காரணங்களை மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதியிடம் கொடுத்தது. 2025 ஜூலை 7ஆம் தேதி தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார்.

அரசு செய்தது சரியா, கம்பெனி சொன்னது சரியா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. உறைக்குள் இருந்தது நமக்குத் தெரியாது. அந்த வழக்கில் நம்மை உறுத்திய ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறோம். கம்பெனியின் மனுவில் ஒரு வரி இருந்தது: இந்த உத்தரவால் 3,791 பேரின் வேலை பாதிக்கப்படும் என்று. தோழர்களே! அந்த 3,791 பேர் தங்கள் கையெழுத்தோடு தங்கள் வாதத்தை வைக்கவில்லை. முதலாளி தன் வழக்குக்குப் பலம் சேர்க்க அவர்களை ஓர் எண்ணாக எழுதிக்கொண்டார். அரசாங்கத்தின் கோப்பில் நாட்டுப் பாதுகாப்பு, முதலாளியின் மனுவில் ஓர் எண். தொழிலாளி நின்ற இடம் இவ்வளவுதான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். மும்பையிலும் டில்லியிலும் விமான நிலையத்தை நடத்துகிறவர்கள், இருக்கும் தொழிலாளர்களைப் பழைய நிபந்தனைகளிலேயே புதிய ஏஜென்சிகளுக்கு மாற்றுவோம் என்று உடனே அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் அது அறிவிப்பு. சட்டம் அல்ல.

வித்தியாசத்தைச் சொல்கிறோம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஒரு நிறுவனம் கைமாறினால், சேவை அறுபடக்கூடாது, நிபந்தனைகள் குறையக்கூடாது, பழைய சேவையையும் சேர்த்துக் கணக்கிடப் புதிய முதலாளி கடமைப்பட்டவர். இல்லாவிட்டால் தொழிலாளிக்கு நஷ்டஈடு உண்டு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது. ஆனால் அனுமதி ரத்தானால் நிறுவனம் கைமாறுவதில்லை. ஒருவர் வெளியே போகிறார், இன்னொருவர் உள்ளே வருகிறார். "நான் வாங்கவில்லையே, புதிதாகத்தானே வந்தேன்" என்று அவர் சொல்ல இடம் இருக்கிறது. சட்டத்தின் இந்த இடுக்கில்தான் நம் பிள்ளைகளின் சேவைக் காலம் விழுந்து காணாமல் போகிறது.

கற்பனையாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சரக்குக் கிடங்கில் கான்டிராக்டர் மாறினார். உள்நாட்டுக் கான்டிராக்டர்தான். நம் ஊர்க்காரர் 11 பேர் அங்கே சுமை தூக்கினார்கள். எல்லோரையும் புதியவர் எடுத்துக்கொண்டார், ஒருவரையும் நிறுத்தவில்லை. நாமும் மகிழ்ந்தோம். மூன்று வருஷம் கழித்து ஒருவர் முதுகு ஒடிந்து வேலையைவிட்டு நின்றபோது கிராஜுவிட்டி கேட்டோம். "எங்களிடம் மூன்று வருஷம்தானே, ஐந்து ஆகவில்லையே" என்றார்கள். அதற்கு முந்திய ஒன்பது வருஷம் எங்கே போனது? பழையவரின் அலுவலகம் இருந்த இடத்தில் ஒரு மொபைல் கடை இருந்தது. எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை. அந்த ஒன்பது வருஷத்தை எங்களால் மீட்டுத்தர முடியவில்லை. அந்தத் தோழர் அதற்குப் பிறகு எங்களைப் பார்க்கும்போதெல்லாம் நலம் விசாரித்தாரே ஒழிய ஒருநாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். விமான நிலையத்தில் சுமை தூக்கப் போகிற பிள்ளைக்கு பாஸ் வேண்டும். பாஸுக்குப் போலீஸ் விசாரணை. இங்கே சாளில் எத்தனை வருஷமாக இருக்கிறாய், ஊரில் எந்தத் தெரு, வாடகைச் சீட்டு எங்கே, வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே என்று எத்தனை கேள்வி! வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்ததால் வேலை கைநழுவிய பிள்ளைகள் நம்மிடையே உண்டு. பதினெட்டாயிரம் ரூபாய் சம்பளக்காரனுக்கு இரண்டு ஊர்ப் போலீஸ் விசாரணை. நூற்றுக்கணக்கான கோடியோடு வருகிற பணத்துக்கோ, அதன் உண்மையான முகவரியைக் கேட்க 2020 வரை காத்திருந்தோம். நம்மைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே கண்டிப்பை முதலுக்கும் காட்டு என்கிறோம்.

ஒரு எச்சரிக்கை

இதைப் பேசும்போது நாம் நாக்கை அடக்கிப் பேசவேண்டும். அந்நிய முதல் என்ற பேச்சு, அந்நியர் என்ற பேச்சாக மாற ஒரு நிமிஷம் போதும். 1960களின் பிற்பகுதியில் இந்த நகரத்தில் தென்னிந்தியர்களை வெளியே போ என்று சொல்லிக் கடைகளை உடைத்தார்கள். அதை நேரில் கண்ட பெரியவர்களின் பிள்ளைகள் நாம். 2020இல் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளை முகத்தைப் பார்த்துச் சீனாக்காரன் என்று ஏசினார்களே, அதுவும் அதே நோய்தான். நாட்டுப் பாதுகாப்பு என்பது பங்குப் பட்டியலையும் ஒப்பந்தத்தையும் கிடங்குச் சாவியையும் சோதிப்பது. பிறந்த ஊரையும் பேசும் மொழியையும் சோதிப்பது அல்ல. இந்தக் கோட்டை அழிக்க நாமே உதவினால், நாளை அது நம் வாசலில்தான் வந்து நிற்கும்.

நாம் கேட்பது

அப்படியானால் நாம் என்ன கேட்கிறோம்? மூன்று கேள்வியோடு நான்காவது ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறோம்: இந்த முதல் நாளை வெளியேற்றப்பட்டால், அதை நம்பி வேலைக்குப் போனவன் என்ன ஆவான்?

"இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீலை வாங்க வந்தபோது அங்குள்ள உருக்குத் தொழிலாளர் சங்கம் ஒப்பவில்லை. 2025 ஜனவரியில் ஜனாதிபதி பைடன் தேசப் பாதுகாப்பைச் சொல்லித் தடுத்தார். அதே ஆண்டு ஜூனில் ஜனாதிபதி டிரம்ப் அனுமதித்தார், ஆனால் நிபந்தனையோடு. அரசாங்கத்தின் கையில் ஒரே ஒரு சிறப்புப் பங்கு. தலைமை அலுவலகத்தைப் பிட்ஸ்பர்கிலிருந்து மாற்றுவது, வேலையை வெளிநாட்டுக்கு அனுப்புவது, குறித்த காலத்துக்கு முன் ஆலைகளை மூடுவது, இவற்றுக்கு ஜனாதிபதியின் சம்மதம் வேண்டும் என்று எழுதினார்கள். அதை அவர்கள் தொழிலாளி மேல் உள்ள பாசத்தால் மட்டும் செய்தார்கள் என்று நாங்கள் நம்பவில்லை. உருக்காலை ஊர்களில் ஓட்டு இருக்கிறது, சங்கம் இருக்கிறது. ஆனாலும் ஆலையும் வேலையும் ஒரு தேசப் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்குள் இடம்பெற முடியும் என்பதற்கு அது சாட்சி. சங்கம் வாய் திறந்த இடத்தில் அது நடந்தது.

எனவே நம் கோரிக்கைகள் இவை.

ஒன்று. துறைமுகம், விமான நிலையம், ரயில்வே போன்ற இடங்களில் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்தின் உண்மையான சொந்தக்காரர் யார் என்பது வேலைத்தலத்தில் அறிவிப்புப் பலகையில் இருக்கவேண்டும். யாரிடம் வேலை செய்கிறோம் என்று தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமை.

இரண்டு. பாதுகாப்பு அனுமதி கொடுக்கும் நாளிலேயே, அது ரத்தானால் தொழிலாளரின் வேலை, சேவைக் காலம், பாஸ், பாக்கிச் சம்பளம், கிராஜுவிட்டி ஆகியவை புதியவர் கையில் தொடரும் என்று உரிமத்திலேயே எழுதவேண்டும். அறிவிப்பு போதாது.

மூன்று. காரணத்தை முழுவதும் சொல்ல முடியாவிட்டாலும் சாரத்தையாவது சொல்லவேண்டும். 2023 ஏப்ரலில், ஒரு மலையாளச் செய்தித் தொலைக்காட்சிக்குப் பாதுகாப்பு அனுமதி மறுத்ததை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை உச்சரித்தாலே நீதியின் கதவு சாத்தப்பட்டுவிடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இன்று கம்பெனிக்கு மூடிய உறை என்றால் நாளை சங்கத்துக்கும் மூடிய உறைதான்.

நான்கு. சிதறிக் கிடக்கும் விதிகளைத் திரட்டி நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றவேண்டும். அதில் தொழிற்சங்கத்துக்கும் ஒரு நாற்காலி வேண்டும். கிடங்கில் என்ன நடக்கிறது என்று கிடங்கில் இருப்பவனைவிட யாருக்குத் தெரியும்?

கோரிக்கை வெல்ல நாளாகும். அதுவரை நாம் செய்யவேண்டியதைச் செய்வோம். வீட்டுக்குப் போனதும் இதைச் செய்யுங்கள். வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, பாஸின் நகல், பி.எஃப். எண், இவற்றை ஒரு உறையில் போட்டுத் தாய்மார்கள் பெட்டியில் வையுங்கள். பிள்ளைகளின் போனில் மட்டும் இருந்தால் போதாது. சட்டையில் உள்ள பெயரும் சம்பளம் போடும் பெயரும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதிவையுங்கள். கான்டிராக்டர் மாறும் நாளில், பழைய சேவை தொடரும் என்று எழுத்தில் வாங்காமல் புதிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதித் தர மறுத்தால் தனியாக வாக்குவாதம் செய்யாமல் சங்கத்துக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அறை திறந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த இளந்தோழர்கள் இரண்டு பேர் வாராவாரம் உட்கார்ந்து இந்தக் காகிதங்களைப் பதிவு செய்துதர முன்வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நாட்டைக் காப்பது அரசாங்கத்தின் கடமை, அதற்கு நாமும் துணை நிற்போம். ஆனால் விமான நிலையத்தில் நடுநிசியில் மழையில் நனைந்து மூட்டை ஏற்றுகிறவனும் இந்த நாடுதான். அவனை வெளியே நிறுத்திவிட்டு நாட்டைக் காத்ததாகச் சொன்னால் அந்தக் கணக்கு நேராகாது.

அன்றைக்குக் கேள்வி கேட்ட தாய் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பையனுக்கு டூட்டி தொடர்கிறது. அவனுடைய பழைய காகிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டனவா என்று கூட்டம் முடிந்ததும் அவரிடம் கேட்கப்போகிறோம். மற்றவர்களும் உங்கள் உறையோடு அடுத்த ஞாயிறு வாருங்கள்.